கூட்டு மருந்து ஆரம்பித்த பிறகு வந்த காய்ச்சலும் தலைவலியும்

எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து ஆரம்பித்துவிட்டால் அதன்பிறகு ஏறுமுகம்தான் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பினோம். அண்ணனுக்கு நடந்தது தலைகீழ். மாத்திரை தொடங்கி ஒரு மாதம் ஆவதற்குள் காய்ச்சல், கழுத்தில் கட்டி. அது டிபி. அது கொஞ்சம் அடங்குகிற நேரத்தில் தலைவலி. அது மூளையைச் சுற்றியுள்ள உறையில் பூஞ்சைத் தொற்று. எதிர்ப்புச் சக்தி ரொம்பவும் இறங்கிப்போய் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு மாத்திரை தொடங்கிய முதல் ஆறு மாதம்தான் கண்டம் என்பதை யாராவது முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பாதிச் செலவும் பாதி பயமும் மிச்சமாகியிருக்கும். விவரம் கேட்கவும் ஆள் கிடையாது. தெருவில் சொல்ல முடியாது. சொந்தத்தில் டைபாய்டு என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். அண்ணனின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். இதில் வரும் மருந்து அளவெல்லாம் உங்கள் சீட்டில் இருப்பதைச் சரிபார்க்கவும் டாக்டரிடம் கேள்வி கேட்கவும்தான். கடையில் வாங்கிச் சாப்பிடுவதற்கு இல்லை.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது, விட்டு விட்டுக் காய்ச்சல், நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஒட்டினமாதிரி வெள்ளைப் படலம். தனியார் கிளினிக்குகளில் வாய்க்கு பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தார்கள், இருமலுக்கு லெவோஃப்ளாக்சசின் கொடுத்தார்கள், சாப்பாடு இறங்கவில்லை என்றதும் எண்டோஸ்கோபி எடுத்தார்கள். நடுவில் விலாவில் ஒரு பக்கம் மட்டும் அக்கி வந்தது. ஊரில் காவி குழைத்து எழுதினார்கள், வலி போகவில்லை. இத்தனைக்கும் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கரைந்தது. எச்.ஐ.வி. பரிசோதனையை ஒருவர்கூட எழுதவில்லை. சர்க்கரை நோய் இல்லாத, ஸ்டீராய்டோ ஆன்டிபயாட்டிக்கோ தொடர்ந்து சாப்பிடாத பெரியவருக்கு வாயில் வெண்படலம் வந்தாலே அந்தப் பரிசோதனையைக் கேட்டு எடுத்துவிட வேண்டும். இளம் வயதில் வரும் அக்கிக்கும், எந்த வயதில் வரும் டிபிக்கும் இது பொருந்தும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் காசே கிடையாது, ரகசியமாகவும் செய்கிறார்கள். அக்கிக்கு அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள் என்று போகும். கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். காவி காய்வதற்காகக் காத்திருந்தால் அந்த 72 மணி நேரம் போய்விடும். லெவோஃப்ளாக்சசின் பற்றியும் ஒரு வார்த்தை. அது டிபி கிருமியையும் கொஞ்சம் அமுக்கும். இருமல் குறைந்தமாதிரி இருக்கும், சளிப் பரிசோதனையிலும் கிருமி தெரியாமல் போகலாம். நீண்ட இருமலுக்கு அந்த மருந்தை எழுதினால், முதலில் சளி டெஸ்ட் எடுத்துவிடலாமா என்று கேளுங்கள்.

ஒருவழியாக, கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையம் வந்து சேர்ந்தோம். இந்த மருந்து இந்தியாவில் இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரல் 1இல். தாம்பரம் சானடோரியம் அந்த முதல் எட்டு மருத்துவமனைகளில் ஒன்று. 2017இலிருந்து சிடி4, அதாவது ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை, எவ்வளவு இருந்தாலும் மருந்து தொடங்கிவிடலாம் என்றாகிவிட்டது. இதனால் பலருக்கு சிடி4 என்ற எண்ணின் மேல் கவனமே போய்விட்டது. மாத்திரைதான் உடனே கிடைக்கிறதே, அந்த எண் எதற்கு என்று நினைக்கிறார்கள். அந்த எண்தான் அடுத்த ஆறு மாதம் எப்படிப் போகும் என்பதைச் சொல்லும். 200க்குக் கீழே இருந்தால் முற்றிய நிலை என்று கணக்கு. அண்ணனுக்கு 41 இருந்தது. டிபி எந்த சிடி4இலும் வரும். நுரையீரலைத் தாக்கும் நிமோசிஸ்டிஸ் பெரும்பாலும் 200க்குக் கீழே. மூளைக்குப் போகும் டாக்சோபிளாஸ்மாவும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையும் 100க்குக் கீழே. விழித்திரையை அரிக்கும் சி.எம்.வி. வைரஸ் 50க்குக் கீழே. 41 என்றால் இந்த வரிசையில் எதுவும் பாக்கியில்லை.

ஆகவே மாத்திரை கைக்கு வருவதற்கு முன்பு கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை என்று டிபிக்கு நான்கு கேள்வி ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். வரிசை நகர வேண்டுமே என்று எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். ஒன்று இருந்தாலும் இருக்கிறது என்றே சொல்லுங்கள். எக்ஸ்ரேயும், சளியை சிபிநாட் அல்லது ட்ரூநாட் இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பதும் அந்த ஒரு பதிலால்தான் நடக்கும். அடுத்தது கிரிப்டோகாக்கல் ஆன்டிஜென் என்கிற ரத்தப் பரிசோதனை. விரல் அகலப் பட்டையில் செய்கிற சின்ன டெஸ்ட். சிடி4 100க்குக் கீழே இருந்தால் கட்டாயம், 200க்குக் கீழே இருந்தாலும் எடுப்பது நல்லது. தலைவலி வருவதற்கு வாரக்கணக்கில் முன்பே ரத்தத்தில் இது பாசிட்டிவ் காட்டிவிடும். அந்த நிலையில் கண்டுபிடித்தால், முதுகுநீரும் சுத்தமாக இருக்கும்பட்சத்தில், ஃப்ளூகோனசோல் என்கிற பூஞ்சை மாத்திரையிலேயே தடுத்துவிடலாம். அண்ணன் போன நேரத்தில் அந்த மையத்தில் இந்த டெஸ்ட் கிட் இல்லை. வெளியே எடுத்து வாருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது, ஏனென்றால் பிற்பாடு நாங்கள் கட்டிய பெரிய பில் முழுக்க அந்தச் சின்ன டெஸ்ட்டில் தப்பியதுதான். சிடி4 50க்குக் கீழே இருந்தால் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணக் கண்ணாடி பரிசோதனையில் அது தெரியாது. கறுப்புப் புள்ளிகள் மிதப்பது, ஒரு ஓரம் மறைப்பது இருந்தால் அன்றைக்கே போக வேண்டும், அரித்த விழித்திரை திரும்ப வளராது.

இன்னொன்று, தலைவலி இருந்தால் மாத்திரை வாங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். மூளையுறைத் தொற்று இருக்கும்போது அவசரமாகக் கூட்டு மருந்து தொடங்குவது ஆளையே சாய்த்துவிடும். கிரிப்டோகாக்கஸ் மூளையுறைக் காய்ச்சல் என்று தெரிந்தால் பூஞ்சை மருந்து தொடங்கி 4 முதல் 6 வாரம் கழித்தே கூட்டு மருந்து. டிபியாக இருந்தால் முதலில் டிபி மருந்து, அது ஒத்துக்கொண்டதும் கூட்டு மருந்து. மூளையுறை டிபிக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடுவார்கள். டாக்டர் தள்ளிப்போட்டால், நம்மை அலைக்கழிக்கிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

மாத்திரையோடு சேர்த்துப் பெரிய வெள்ளை மாத்திரை ஒன்று தருவார்கள். கோட்ரைமாக்சசோல், 960 மில்லிகிராம், தினம் ஒன்று. சிடி4 350க்குக் கீழே இருப்பவர்களுக்கு நம் திட்டத்தில் இது உண்டு. நிமோசிஸ்டிஸ், டாக்சோபிளாஸ்மா, சில வகை வயிற்றுப்போக்கு, பாக்டீரியா நிமோனியா என்று பலதையும் இந்த ஒரு மாத்திரை தடுக்கிறது. விலை ரொம்பக் குறைவு என்பதாலோ என்னவோ, இதற்கு வீட்டில் மரியாதை இல்லை. முதலில் விட்டுப்போவது இதுதான். மையத்தில் இருப்பு இல்லை என்று எழுதிக்கொடுத்தால் கடையில் வாங்கியாவது தொடர வேண்டும். 480 மில்லிகிராம் மாத்திரை கிடைத்தால் இரண்டு சேர்த்தால்தான் ஒரு நாள் கணக்கு. தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பில் தடிப்பு வரலாம். லேசான அரிப்பு மட்டும் என்றால் டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடர்வதுண்டு. வாய் புண்ணாவது, கண் சிவந்து எரிவது, தோல் கொப்புளித்து உரிவது, தடிப்போடு காய்ச்சல் என்றால் மாத்திரையை அந்த வேளையே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இந்த மாத்திரையில் இருக்கும் சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாப்சோன் 100 மில்லிகிராம் தருவார்கள், அதற்கு முன் ஜி6பிடி ரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம்.

கூட்டு மருந்து என்பது இப்போது ஒரே மாத்திரைதான். டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 மூன்றும் அதில் இருக்கிறது, தினம் ஒரு வேளை. அண்ணனுக்கு முதல் இரண்டு வாரம் பசி திரும்பியது, எங்களுக்கும் நம்பிக்கை வந்தது. அதன்பிறகுதான் சாயங்காலமானால் குளிர் காய்ச்சல், கழுத்தின் இடப்பக்கம் நெல்லிக்காய் அளவில் கட்டி. அத்தை வந்து பார்த்துவிட்டு, "அந்த மாத்திரை இவன் உடம்புக்குச் சேரலப்பா, கொஞ்ச நாள் நிறுத்திப் பாரேன்" என்றார். என்ன மாத்திரை என்றே அவருக்குத் தெரியாது, ஆனாலும் பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மாத்திரை போட்டதிலிருந்துதானே இப்படி ஆனது? எனக்கே அந்த மாத்திரை டப்பாவைப் பார்த்தால் கோபம் வந்தது.

ஏ.ஆர்.டி. மைய ஆலோசகர் சொன்ன விளக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது. ஆளில்லாத வீட்டில் திருடன் புகுந்து உட்கார்ந்திருந்தால் சத்தமே வராது, வீட்டுக்காரன் திரும்பி வந்தால்தான் அடிதடி நடக்கும் என்றார். டிபி கிருமி முன்பே உள்ளே இருந்திருக்கிறது. எதிர்ப்புச் சக்தி செத்துக் கிடந்ததால் காய்ச்சல்கூட சரியாக வரவில்லை. மாத்திரையால் அந்தச் சக்தி எழுந்து வந்து சண்டை போடும்போதுதான் கட்டி, காய்ச்சல், சீழ் எல்லாம் வெளியே தெரிகிறது. டாக்டர்கள் இதை ஐரிஸ் என்கிறார்கள். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், சிலருக்கு ஆறு மாதம் வரைக்கும் வரும். மறைந்திருந்த நோய் இப்படி வெளியே வருவது ஒரு வகை. ஏற்கெனவே டிபி மருந்து சாப்பிட்டுத் தேறி வந்தவருக்கு, கூட்டு மருந்து சேர்ந்ததும் கட்டி திரும்ப வீங்குவது இன்னொரு வகை. இரண்டிலும் கூட்டு மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது. கட்டியிலிருந்து ஊசியால் நீர் எடுத்து சிபிநாட் பார்க்கச் சொல்ல வேண்டும், ரிஃபாம்பிசின் என்கிற முக்கிய டிபி மருந்துக்குக் கட்டுப்படும் டிபியா இல்லையா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். வீக்கம் அதிகமானால் டாக்டர் பிரட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு தருவதுண்டு. ஆனால் காரணம் தெரியாத காய்ச்சலுக்குக் கடையில் ஸ்டீராய்டு வாங்கிப் போடுவது வினையை விலைக்கு வாங்குவது; இரண்டு நாள் சுகமாக இருக்கும், உள்ளே இருக்கும் பூஞ்சையும் கிருமியும் அதற்குள் பரவிவிடும்.

டிபி மருந்தோடு கூட்டு மருந்து போகும்போது கவனிக்க வேண்டியது ஒரு மாத்திரைக் கணக்கு. ரிஃபாம்பிசின், டொலுடெக்ராவிரை ஈரல் வேகமாக வெளியேற்றும்படி செய்துவிடும். அதனால் காலை 8 மணிக்கு வழக்கமான கூட்டு மாத்திரை என்றால், இரவு 8 மணிக்குத் தனியாக டொலுடெக்ராவிர் 50 ஒன்று போட வேண்டும். டிபி மருந்து முடிந்த பிறகும் இரண்டு வாரம் அந்த இரவு மாத்திரை தொடரும். அண்ணன் வேறொரு மருத்துவமனையில் படுத்திருந்தபோது வார்டு சார்ட்டில் இதை அடித்துவிட்டார்கள். ஒரே மருந்தை இரண்டு தடவை எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்களாம். ஏ.ஆர்.டி. மையத்தில் தந்த பச்சைப் புத்தகத்தைக் காட்டி, அந்த மையத்துக்குப் போன் போட்டுப் பேச வைத்த பிறகுதான் சேர்த்தார்கள். இந்த மாத்திரை நாள்கணக்கில் விட்டுப்போனால் வைரஸ் மீண்டும் தலைதூக்க இடம் கொடுத்தமாதிரி. அதனால் அட்மிஷன் ஆனதும் சார்ட்டை வாங்கி, இரவு வரிசையில் டொலுடெக்ராவிர் இருக்கிறதா என்று நம் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும்.

டிபி மாத்திரை எடைக்கேற்பத்தான் எண்ணிக்கை. 35 முதல் 49 கிலோ வரை தினம் மூன்று, 50 முதல் 64 கிலோ வரை நான்கு. அண்ணன் 43 கிலோவில் தொடங்கினார். உடம்பு தேறி 50ஐத் தாண்டினால் மாத்திரையும் கூட வேண்டும், அதை நாமாக ஞாபகப்படுத்தினால்தான் நடக்கும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது ரிஃபாம்பிசினால், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளாவது, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுவது, ஓயாத வாந்தி என்றால் அது ஈரல். அன்றே போய் ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். பாதம் எரியாமல் இருக்க பைரிடாக்சின் கூடவே தருவார்கள். வயிறு எரிகிறது என்று ஜெலுசில் மாதிரி அமிலத்தைத் தணிக்கும் டானிக் குடிக்கிறவர்கள், கூட்டு மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். டானிக்கை முதலில் குடித்துவிட்டால் மாத்திரைக்கு ஆறு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். அதிலிருக்கும் அலுமினியமும் மெக்னீசியமும் டொலுடெக்ராவிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சத்துணவுக்கு நிக்ஷய் போஷன் திட்டத்தில் மாதம் 500 ரூபாய் என்றிருந்தது 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் பணம் தொங்கிக்கொண்டே இருக்கும்.

இப்போது தலைவலிக்கு வருகிறேன். இதுதான் எங்களை உலுக்கியது. பாரசிட்டமால் போட்டால் ஒரு மணி நேரம் குறையும், திரும்ப வரும். காலையில் எழுந்ததும் அதிகம், குனிந்தால் அதிகம், திடீரென்று வாந்தி. பிறகு எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றார். கழுத்து விறைப்பு இல்லவே இல்லை, அதனால் பார்த்த டாக்டர் மூளைக்காய்ச்சல் இருக்காது என்றார். சிடி ஸ்கேன் எடுத்தோம், நார்மல். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்குக் கழுத்து விறைக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை, ஸ்கேன் நார்மலாக இருப்பதும் இந்தப் பூஞ்சையை இல்லையென்று சொல்லிவிடாது. டாக்சோபிளாஸ்மா என்றால் ஒரு பக்கக் கைகால் பலவீனம், வலிப்பு வரும், ஸ்கேனில் வளையம் வளையமாகத் தெரியும். இது அப்படிக் காட்டாது. முதுகுத்தண்டில் நீர் எடுத்து ஆன்டிஜென் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

முதுகில் ஊசி என்றதும் அண்ணி அழ ஆரம்பித்துவிட்டார். முதுகுத் தண்டில் குத்தினால் கால் விளங்காமல் போய்விடும் என்பது நம் ஊரில் ஊறிப்போன பயம். ஊசி இறங்குவது தண்டுவடம் முடிந்துபோன இடத்துக்குக் கீழே, இடுப்புப் பக்கம். அங்கே இருப்பது நரம்பு இழைகளும் நீரும்தான். நீர் எடுக்கும்போது கண்ணாடிக் குழாயை வைத்து அழுத்தம் அளப்பார்கள். 25 சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் அதிகம். இந்த நோயில் தலைவலி, பார்வை மங்கல், காது அடைப்பு எல்லாவற்றுக்கும் காரணம் அந்த அழுத்தம்தான். 20, 30 மில்லி நீரை இறக்கினால் அழுத்தம் குறைகிறது. அண்ணன் அந்த மேஜையிலேயே கண்ணைத் திறந்து, "இப்பதான்டா தலை என்னோடதுன்னு தெரியுது" என்றார். அழுத்தம் திரும்ப ஏறினால் திரும்ப எடுப்பார்கள், சிலருக்கு தினமும்கூட. கையெழுத்துப் போட மறுத்து பார்வையை இழந்தவர்கள் உண்டு, அதனால் இந்தப் பயத்தை முதலிலேயே பேசித் தீர்த்துவிடுங்கள். அழுத்தம் குறைய டெக்சாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு போடலாமே என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பூஞ்சைக்கு அது கெடுதல் என்று 2016இல் வெளிவந்த ஆய்விலேயே தெரிந்துவிட்டது.

மருந்து ஆம்ஃபோடெரிசின் பி. கறுப்புப் பூஞ்சை வந்த 2021இல் டிவியில் தினமும் கேட்ட பெயர்தான். இதில் இரண்டு வகை. லைபோசோமல் வகை விலை அதிகம், சிறுநீரகத்தை அவ்வளவாகப் படுத்தாது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்ன முறைப்படி அதை ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு தடவை ஏற்றிவிட்டு, 14 நாளைக்கு ஃப்ளூசைட்டோசின் மாத்திரையும் ஃப்ளூகோனசோல் 1,200 மில்லிகிராமும் தருவது. 45 கிலோ ஆளுக்கு 450 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் குப்பி ஒன்பது. ஃப்ளூசைட்டோசின் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. அண்ணனுக்குக் கிடைத்தது பழைய வகை, தினமும் ஏற்றுவது. அதில் கூட இருப்பவர் கவனிக்க வேண்டிய வேலை நிறைய. மருந்து ஏறும் முன்பு பொட்டாசியம் கலந்த ஒரு லிட்டர் சலைன் ஏற வேண்டும், சிறுநீரகத்தைக் காப்பது அதுதான். ஆனால் மருந்தை சலைனில் கலக்கக் கூடாது, திரிந்துபோகும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். நான்கு முதல் ஆறு மணி நேரம் மெதுவாக ஏற வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று டிரிப்ஸைத் திருகிவிடும் வேலையை யாரும் செய்யாதபடி பக்கத்திலேயே இருங்கள். குளிரெடுத்து உடம்பு தூக்கிப் போடும். முன்னாடியே பாரசிட்டமாலும் ஏவில் என்கிற அலர்ஜி மருந்தும் கொடுத்தால் குறையும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும், பொட்டாசியமும் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது பார்க்க வேண்டும். கால் இழுக்கிறது, எழுந்து நிற்க முடியவில்லை என்றால் பொட்டாசியம் இறங்கிவிட்டது என்று நர்ஸிடம் சொல்லுங்கள். இளநீர் கொடுக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். அன்றைய ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தபிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃப்ளூகோனசோல் 800 மில்லிகிராம் எட்டு வாரம், அதன்பிறகு தினம் 200 மில்லிகிராம் நீண்ட காலத்துக்கு. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 150 மில்லிகிராம், தோல் படைக்கு வாரம் ஒன்று போடுவது. சீட்டில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு அதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எட்டு வாரக் காலத்தில் 200 மில்லிகிராம் மாத்திரை நான்கு சேர்ந்தால்தான் ஒரு நாள் அளவு. ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவருக்கு இந்த மருந்தின் அளவும் ரத்தத்தில் குறையும், அதனால் இரண்டு நோய்க்கும் ஒரே டாக்டர் பார்க்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அண்ணனின் இந்த ஒரு அட்மிஷனுக்கு, முதலில் போன தனியார் மருத்துவமனையில் ஐசியூ, ஸ்கேன், டெபாசிட் என்று ஒன்றரை லட்சம் போனது; அண்ணியின் செயின் அடகுக்குப் போனது. அரசு மருத்துவமனைக்கு மாற்றிய பிறகு சாப்பாட்டுச் செலவுதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருந்தால் அட்மிஷன் போடும்போதே காட்டிவிட வேண்டும், பில் ஏறியபிறகு காட்டி அலைவதைவிட அது சுலபம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவை எங்களுக்கு வரவில்லை, பக்கத்துக் கட்டில்களில் பார்த்தோம். வறட்டு இருமலோடு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் நம்பாதீர்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை உட்கார்ந்து ஒரு தடவை, ஒரு நிமிஷம் வேகமாக நடந்துவிட்டு ஒரு தடவை வைத்துப் பாருங்கள். எண் சரிந்தால் நிமோசிஸ்டிஸாக இருக்கலாம், அன்றே அட்மிஷன். வாரக்கணக்கில் தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்குக்குச் சாதாரண மலப் பரிசோதனை போதாது, கிரிப்டோஸ்போரிடியத்துக்கான தனிச் சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தக் கிருமி குளோரினுக்குச் சாகாது. கேன் தண்ணீரானாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

இதெல்லாம் ஆரம்ப காலத்துக் கதை. வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று வாயில் வெண்படலமோ நிமோசிஸ்டிஸோ வந்தால் அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: வைரஸ் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, எவ்வளவு? தொடங்கி ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், அதன்பிறகு வருஷத்துக்கு ஒரு முறை எடுப்பார்கள். 1,000க்கு மேல் இருந்தால் மாத்திரை சரியாகப் போகவில்லை, அல்லது கிருமி மருந்துக்குக் கட்டுப்படவில்லை. பெரும்பாலும் முதலாவதுதான். வெளியூர் வேலை, கூட இருக்கிறவனுக்குத் தெரிந்துவிடுமோ என்று டப்பாவை ஒளித்து வைப்பது, பண்டிகைக்கு ஊருக்கு வந்து மாத்திரை தீர்ந்துபோவது. திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகிறவர்கள் மையத்தில் மாற்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் அங்கேயே மாத்திரை வாங்கலாம். எங்கே மையம் இருக்கிறது என்று தெரியாவிட்டால் 1097க்குப் போன் செய்தால் சொல்வார்கள், கட்டணம் இல்லை. டிபிக்கு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது, வைரஸ் அடங்கி சிடி4 500 இருந்தாலும் அது வரும். அதற்குத்தான் டிபி இல்லை என்று உறுதியானவர்களுக்கு ஐசோனியாசிட் 300 மில்லிகிராம் ஆறு மாதம் முன்தடுப்பாகத் தருகிறார்கள். இடையில் விட்டுவிடாதீர்கள்.

கட்டில் தலைமாட்டில் சிவப்பு மையில் எழுதி ஒட்டுவது, முறை வந்தும் கடைசியில் பார்ப்பது, ஆபரேஷன் முடியாது என்று திருப்பி அனுப்புவது எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10இலிருந்து நடப்பில் இருக்கிறது. சிகிச்சை மறுப்பதற்கும், சம்மதமில்லாமல் நோயை வெளியே சொல்வதற்கும் அதன்படி தடை இருக்கிறது. வார்டில் கத்திச் சண்டை போடுவதைவிட, புகாரை எழுதி மருத்துவமனைப் புகார் அலுவலரிடம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கினால் மறுநாளே நடத்தை மாறுகிறது. எங்களுக்கு அப்படித்தான் அந்தச் சீட்டைக் கிழித்தார்கள்.

அண்ணனுக்கு டிபி மருந்து முடிந்தது, இரவு மாத்திரையும் நின்றது. சிடி4 இப்போது 230. வைரஸ் லோடு அடங்கி இருக்கிறது. ஃப்ளூகோனசோல் 200 இன்னும் போகிறது. குறைந்தது ஒரு வருஷம் ஆகி, சிடி4உம் நிலையாக ஏறியபிறகு நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கோட்ரைமாக்சசோல் அதற்கும் மேலே: ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை 350க்கு மேல் காட்ட வேண்டும். உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று அண்ணன் அந்த வெள்ளை மாத்திரையைப் பார்த்து முனகுகிறார், நாங்கள் விடுவதில்லை.